மாதத்துக்குள் அடங்காத வீடு

"கணக்கு எழுதுற பழக்கமெல்லாம் எங்க வீட்டுல இல்லைங்க" என்று சொல்கிற வீட்டில் பீரோவைத் திறந்து பாருங்கள். பட்டுப்புடவைக்கு அடியிலோ பத்திரக் கட்டோடு சேர்த்தோ ஒரு மொய் நோட்டு இருக்கும். எங்கள் வீட்டில் இருப்பது 2004-இல் என் கல்யாணத்தில் எழுதியது. நான்கு மூலையிலும் மஞ்சள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குப் பிறகு ஊர், பெயர், தொகை என்று ஓடும் வரிகள். இன்றைக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தால் என் அத்தை, அதாவது மாமியார், முதலில் எடுப்பது அந்த நோட்டைத்தான். "இவங்க நமக்கு 201 வச்சிருக்காங்க. காலம் மாறிப்போச்சு, நாம 1,001 வச்சிரலாம்" என்று ஒரே நிமிடத்தில் முடித்துவிடுவார். எங்கள் சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும் பூமி. அங்கே கணக்கு எழுதத் தெரியாத குடும்பம் என்று ஒன்று கிடையாது.

மொய் நோட்டு ஏன் தவறுவதில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பணம் கைமாறும் அதே நொடியில் எழுதிவிடுகிறார்கள். ராத்திரி யோசித்து எழுதுவதில்லை. ஒருவர் வாங்க, பக்கத்தில் இன்னொருவர் எழுதுகிறார். ஆக இரண்டு பேருக்கும் தெரிந்த கணக்கு. எல்லாவற்றையும்விட முக்கியம், அதில் விமரிசனம் இல்லை. "இவ்வளவு வசதி இருந்தும் 101 தானா" என்று யாரும் ஓரத்தில் எழுதுவதில்லை. ஊர், பெயர், தொகை, அடுத்த வரி.

வீட்டுச் செலவு நோட்டுக்கும் இந்த மூன்றும் போதும். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் வேலை அந்த நோட்டைத் தொடங்குவது, பிறகு அதிலிருந்து ஒரு பட்ஜெட்டை எடுப்பது. இந்த வரிசையை மாற்றக்கூடாது. பட்ஜெட்டை முதலில் போட்டுவிட்டுச் செலவை அதற்குள் திணிக்கப் பார்த்த வீடுகள் இரண்டாவது மாதமே நோட்டைப் பரணில் போட்டதை நிறையப் பார்த்துவிட்டேன். எங்கள் வீடும் அதில் ஒன்று.

நோட்டு எதுவாக இருந்தாலும் சரி. பிள்ளைகளின் பழைய நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களே போதும். அது எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் மேலே, ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டு வைத்திருக்கிறோம். வெளியே போய்விட்டு வருகிற எல்லோரும் தண்ணீர் குடிக்க அங்கேதான் வருகிறார்கள். செல்போனில் இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. தனியாக இருப்பவர்களுக்கு அவை நல்லதுதான். ஐந்து பேர் செலவு செய்யும் வீட்டில் ஒருவர் போனுக்குள் பூட்டிக் கிடக்கும் கணக்கு மற்ற நால்வருக்கும் பயன்படாது என்பது என் கட்சி.

ஒன்றாம் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்குப் பதினேழாம் தேதி என்றால் பதினேழில் தொடங்குங்கள். முதல் மாதம் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க முயற்சி செய்யாதீர்கள். வழக்கமாக எப்படிச் செலவழிப்பீர்களோ அப்படியே செலவழித்து, எழுத மட்டும் செய்யுங்கள். நோட்டு வந்துவிட்டதே என்று மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால், அந்த மாதக் கணக்கு உங்கள் வீட்டுக் கணக்காக இருக்காது. விருந்தாளி வந்தபோது துடைத்து வைத்த வீடு மாதிரி இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை

எங்கள் நோட்டிலிருந்து ஒரு நாளை அப்படியே தருகிறேன்.

பால் 2 பாக்கெட் – 40
கீரை – 20
கறிவேப்பிலை, கொத்தமல்லி – 10
ஆட்டோ (அத்தை, ஆஸ்பத்திரி) – 80
மருந்துக்கடை – 236
ஜெராக்ஸ் (தம்பி) – 14
டீ, வடை (அவர்) – 30
இட்லி மாவு – 50
போன் ரீசார்ஜ் – 299

மொத்தம் 779. அன்று ராத்திரி நோட்டைப் பார்க்காமல் "இன்னைக்கு என்னென்ன செலவு?" என்று வீட்டில் கேட்டுப் பார்த்தேன். ரீசார்ஜ், மருந்து, ஆட்டோ, பால், கீரை ஐந்தும் உடனே வந்தன. கறிவேப்பிலை, ஜெராக்ஸ், டீ, மாவு நான்கும் யார் நினைவிலும் இல்லை. நான்கும் சேர்ந்து 104 ரூபாய். தினமும் இதே 104 ஆகாது. ஆனால் "மூவாயிரம் ரூபாய் எங்கே போச்சுன்னே தெரியல" என்று மாதக் கடைசியில் கேட்கிறோமே, அந்த மூவாயிரத்தின் முகவரி இதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டீயை நிறுத்தினால் வீடு கட்டிவிடலாம் என்கிற ரீதியில் அறிவுரை சொல்பவர்களை நம்பாதீர்கள். சில்லறைச் செலவை எழுதச் சொல்வது, மிச்சக் கணக்கு நேராவதற்காக. வீட்டைக் கவிழ்ப்பது சில்லறை இல்லை. கவிழ்ப்பது எது என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

அதற்கு முன் அந்த ரீசார்ஜைப் பாருங்கள். மாதாமாதம் ரீசார்ஜ் என்று சொல்லிக்கொள்கிறோம். திட்டமோ 28 நாள். வருடத்துக்குப் பன்னிரண்டு முறை என்று நாம் நினைக்க, கம்பெனிக்காரர்கள் பதின்மூன்று முறை வாங்கிவிடுகிறார்கள். வீட்டில் நான்கு போன் இருந்தால் நான்கு ரீசார்ஜ் கூடுதல். கேஸ் சிலிண்டரும் இப்படித்தான். 14.2 கிலோ எங்கள் வீட்டில் 38 நாள் வரும், விருந்தாளி வந்தால் 31 நாள். சிலிண்டரை மாட்டும்போது அதன் மேல் சாக்பீஸால் தேதி எழுதுங்கள். வீட்டுச் செலவில் பாதி, காலண்டர் மாதத்துக்குக் கட்டுப்படுவதே இல்லை.

எது செலவு, எது செலவில்லை

எழுதத் தொடங்கிய முதல் வாரத்திலேயே குழப்பம் வரும் இடம் இது. ஏடிஎம்மில் 2,000 எடுத்தால் அது செலவா? இல்லை. பணம் பேங்கிலிருந்து பர்ஸுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பர்ஸிலிருந்து காய்க்காரம்மா கைக்குப் போகும்போதுதான் செலவு. ஏடிஎம் எடுத்ததையும் எழுதி, காய்கறியையும் எழுதினால் ஒரே பணம் இரண்டு முறை செலவாகிவிடும். கிரெடிட் கார்டில் சட்டை வாங்கிய அன்றே 1,200 என்று எழுதிவிடுங்கள். அடுத்த மாதம் கார்டு பில் கட்டும்போது மறுபடி எழுதாதீர்கள். அண்ணாச்சி கடையில் நோட்டில் எழுதி வாங்கினாலும் இதே விதி. சாமான் வீட்டுக்கு வந்த நாள்தான் செலவு நாள், காசு கொடுத்த நாள் இல்லை. இல்லாவிட்டால் சம்பளம் வந்த முதல் வாரம் நாம் ஊதாரி மாதிரியும், கடைசி வாரம் சிக்கனத் திலகம் மாதிரியும் தெரியும். இரண்டுமே பொய்.

சேமிப்பும் செலவில்லை. சீட்டு, ஆர்டி, தங்க நகைத் திட்டம் எல்லாம் தனிப் பக்கம். கடன் தவணையையும் தனியே எழுதுங்கள், ஏனென்றால் அது பழைய செலவின் வால். தங்கைக்கு அனுப்பிய ஐயாயிரம் திரும்பி வருமா வராதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். வராது என்று மனசுக்குப் பட்டால் செலவிலேயே எழுதிவிடுங்கள். நோட்டாவது உண்மை பேசட்டும்.

ஜிபே, போன்பே வந்தபிறகு எழுத வேண்டிய அவசியமே இல்லை, எல்லாம் போனில் இருக்கிறதே என்று என் கணவர் வாதாடினார். 2016-இல் யுபிஐ வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். திறந்து பார்த்தால் வரிசையாக மனிதர்கள் பெயர். 60 ரூபாய் வாங்கிய இவர் காய்க்கடைக்காரரா, பூக்காரரா, பஞ்சர் ஒட்டியவரா? அந்த வரலாற்றில் தொகை இருக்கிறது, பொருள் இல்லை. இதற்கு ஒரு எளிய வழி உண்டு. பணம் அனுப்பும் திரையில் குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கும். அதில் "பூ", "பஞ்சர்" என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டிவிடுங்கள். ராத்திரி நோட்டில் ஏற்றும்போது கைகொடுக்கும்.

தலைப்புகள்

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் நடத்திய கடைகளின் கணக்கு முறையைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது மூன்று சொற்கள் வரும்: சிட்டை, பேரேடு, ஐந்தொகை. சிட்டை என்பது அவ்வப்போது கிறுக்குவது. பேரேடு என்பது அதையே தலைப்பு வாரியாகப் பிரித்து ஏற்றுவது. ஐந்தொகை என்பது எல்லாவற்றையும் கூட்டி, சரியாக நிற்கிறதா என்று பார்ப்பது. நமக்கும் இந்த மூன்று படிதான். ஃபிரிட்ஜ் மேலே இருப்பது சிட்டை. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து அதைப் பேரேட்டில் ஏற்ற வேண்டும்.

தலைப்புகள் பன்னிரண்டைத் தாண்டினால் கை ஓயும். உங்கள் வாயில் வரும் சொல்லையே தலைப்பாக வையுங்கள். எங்களுடையது: மளிகை; பால், காய்கறி; கறி, மீன்; வாடகை; கரண்ட், கேஸ், தண்ணீர்; பெட்ரோல், பஸ்; படிப்பு; மருந்து; போன், நெட்; ஓட்டல்; மொய், கோயில்; துணிமணி. "போக்குவரத்துச் செலவினம்" என்று எழுதினால் அது பிடிபடாது, பெட்ரோல் என்றால் உடனே புரியும். "இதர" என்று ஒரு தலைப்பு தவிர்க்க முடியாமல் வரும். அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதற்குள் வேறு எதுவோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். எங்கள் "இதர"வைப் பிரித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் ஆன்லைனில் வாங்கிய பொருட்கள். அதற்கு மேல் விவரம் கேட்காதீர்கள்.

மளிகை எழுதும்போது ரேஷனையும் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். 2011 ஜூன் முதல் அரிசி இலவசம் என்பதால் தொகை இருக்காது. ஆனால் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைத்த மாதத்துக்கும், "ஸ்டாக் வரலைம்மா" என்று திரும்பி வந்த மாதத்துக்கும் மளிகைக் கடை பில்லில் வித்தியாசம் தெரியும். காரணம் எழுதியிராவிட்டால் பில் ஏன் ஏறியது என்று தெரியாமல் வீட்டில் இருப்பவர்களைத்தான் கோபித்துக்கொள்வோம்.

அந்த ஜூன் மாதம்

இப்போது வீட்டைக் கவிழ்ப்பது எது என்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

2019-இல் நாங்கள் திருச்சியில் வாடகை வீட்டில் இருந்தோம். ஊரில் அத்தை பேரில் ஒரு வீடு. என் கணவர் சம்பளமும் என் டியூஷன் வருமானமும் சேர்ந்து மாதம் 46,000. அந்த வருடத் தொடக்கத்தில் பெருமையாக ஒரு பட்ஜெட் போட்டிருந்தோம். மாதச் செலவு 39,000, மிச்சம் 7,000. ஜனவரியிலிருந்து மே வரை ஏறக்குறைய அப்படியே நடந்தது. அந்த மிச்சம் பொங்கலிலும், ஒரு ஃபிரிட்ஜ் ரிப்பேரிலும், வைகாசி முகூர்த்தங்களிலும் கரைந்ததைப் பெரிதாக நினைக்கவில்லை. ஜூன் முதல் வாரம் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடக் கட்டணம், அதே வாரம் பைக் இன்சூரன்ஸ், பத்தாம் தேதிக்குள் குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம், நடுவில் நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம். என் இரண்டு வளையல்கள் 45,000 ரூபாய்க்கு அடகுக்குப் போயின.

அன்று ராத்திரி பட்ஜெட்டை எடுத்துப் பார்த்தோம். அதில் தவறே இல்லை. எழுதிய ஒவ்வொரு தொகையும் சரி. எழுதாமல் விட்டதுதான் தவறு. மாதத்துக்கு என்ன செலவு என்று கேட்டுக்கொண்டதால், மாதாமாதம் வருவது மட்டுமே பதிலாக வந்தது. வருடத்துக்கு ஒருமுறை வருவதை யாரும் கேட்கவில்லை, அதனால் அது தன் பெயரைச் சொல்லவில்லை.

அரசாங்கத்துக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2022-23-இல் நடத்திய குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் எல்லாப் பொருளுக்கும் ஒரே கேள்வி கேட்கவில்லை. காய்கறி, பழம், முட்டை, மீன், எண்ணெய் போன்றவற்றைக் கடந்த 7 நாள் கணக்காகக் கேட்டார்கள். அரிசி, பருப்பு, பால், வாடகை மாதிரியானவற்றை 30 நாள் கணக்காக. துணி, செருப்பு, படிப்பு, ஆஸ்பத்திரியில் படுத்த செலவு, வண்டி, டிவி போன்றவற்றை 365 நாள் கணக்காக. ஒவ்வொரு செலவுக்கும் அதற்குரிய காலம் இருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு சராசரி 7,630 ரூபாய், கிராமங்களில் 5,310. இந்த எண்ணை உங்கள் வீட்டோடு ஒப்பிட்டுச் சந்தோஷமோ துக்கமோ பட வேண்டாம். அதில் கடன் தவணை சேராது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 7, 30, 365 என்ற மூன்று எண்களை.

வருடப் பக்கம்

நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பன்னிரண்டு கட்டமாகப் பிரியுங்கள். தை என்றோ ஜனவரி என்றோ உங்கள் வசதிப்படி தொடங்கலாம். இப்போது ஒவ்வொரு மாதத்திலும் என்ன வரும் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து யோசியுங்கள். பெரியவர்களைக் கட்டாயம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போவது, ஆடிக்குப் பெண்ணை அழைப்பது, நவராத்திரிக்குச் சுண்டலும் வெற்றிலை பாக்கும், இதெல்லாம் அவர்கள் காலண்டரில்தான் இருக்கும். போன வருடப் பேங்க் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு ஐநூறுக்கு மேல் போன ஒவ்வொரு வரியையும் பாருங்கள்.

அந்த 2019 ஜூனுக்குப் பிறகு நாங்கள் எழுதிய பக்கம் இது. பள்ளிக் கட்டணம் இரண்டு பேருக்கும் 38,000. பள்ளி வேன் 12,000. மருத்துவக் காப்பீடு 16,500. வண்டி இன்சூரன்ஸ் 3,600. ஊர் வீட்டுக்குச் சொத்துவரி 2,900. தீபாவளி 15,000. பொங்கல் 5,000. மொய் 14,000. கோயில், ஊர்ப்பயணம் 6,000. திடீர் மருத்துவம் 10,000. ரிப்பேர் 6,000. கூட்டினால் 1,29,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,750.

மிச்சம் என்று நாங்கள் நினைத்தது 7,000. ஆக ஒவ்வொரு மாதமும் எங்களுக்குத் தெரியாமலே 3,750 ரூபாய் பள்ளத்தில் இருந்திருக்கிறோம். வருடத்துக்கு 45,000. வளையலின் எடை அந்தக் காகிதத்தில் சரியாக வந்து நின்றது.

"திடீர் மருத்துவம்", "ரிப்பேர்" இரண்டுக்கும் தொகை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எது கெடும் என்பது தெரியாது. ஏதோ ஒன்று கெடும் என்பது தெரியும். போன இரண்டு வருடத்தில் மோட்டார், மிக்ஸி, ஃபிரிட்ஜ், பல் வலி எல்லாவற்றுக்கும் ஆனதைக் கூட்டிப் பாதியைப் போடுங்கள்.

சொத்துவரியில் ஒரு சின்ன லாபம் இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் அரையாண்டுக்கு ஒருமுறை வரி. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும், கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும். வருடப் பக்கத்தில் ஏப்ரல் கட்டத்தில் எழுதி வைத்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

கரண்ட் பில்லுக்கு இரண்டு வரி அதிகம் வேண்டும். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். அதனால் ஒரு மாதம் பூஜ்யம், மறு மாதம் மலை. பில் தொகையைப் பாதியாக்கி இரண்டு மாதத்திலும் எழுதிவிடுங்கள். முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது 500 என்கிற கோடு. அதுவரை ஒரு கட்டண அட்டவணை, அதைத் தாண்டினால் வேறு அட்டவணை. 510 யூனிட் ஓடினால் கூடுதலான பத்து யூனிட்டுக்கு மட்டும் காசு என்று நினைக்காதீர்கள். 101 முதல் 200 வரைக்கும் இருந்த சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். ரீடிங் எடுத்துப் போன தேதியை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதி வையுங்கள். முப்பதாவது நாள் போய்ப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் மிச்சமிருக்கும் முப்பது நாளில் ஏசியை இரண்டு டிகிரி ஏற்றவோ, ஒரு மணி நேரம் முன்னால் அணைக்கவோ உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. பில் வந்தபிறகு பார்த்தால் முனகத்தான் முடியும்.

பள்ளத்தை எங்கே மூடுவது

3,750 ரூபாயைக் கண்டுபிடிக்க நாங்கள் முதலில் கை வைத்த இடம் காய்கறியும் பாலும். எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும், ஏனென்றால் தினமும் கண்ணில் படுவது அதுதான். ஒரு வாரம் முயன்று பார்த்தோம். மிச்சமானது தொண்ணூறு ரூபாய், சண்டை மூன்று. விட்டுவிட்டோம்.

பேரேட்டில் தலைப்பு தலைப்பாகப் பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. மாதம் 2,000 ரூபாய் நகைச்சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம், அதையும் செலவு என்றே 39,000-க்குள் எழுதியிருந்தோம். ஒரு கையால் நகைக்குப் பணம் கட்டிக்கொண்டே மறு கையால் நகையை அடகு வைத்திருக்கிறோம். கட்டிக்கொண்டிருந்த 11 மாதச் சீட்டு முடிந்ததும் புதியது சேரவில்லை. இன்டர்நெட்டும் இருந்தது, யாரும் பார்க்காத கேபிளும் இருந்தது: 250. ஓட்டல் பார்சலில் 800. வாரம் இரண்டு நாள் அவர் பைக்கை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போனதில் 700. மொத்தம் 3,750. எண் சரியாக வரும்வரை அந்த ஓட்டல் தலைப்போடு பேரம் பேசினோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மொய் 14,000-ஐக் குறைக்கச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். வாங்கியது திரும்பக் கொடுத்தே ஆகவேண்டிய கடன் அது. முகூர்த்த மாதங்களில் மொத்தமாக வந்து விழுவதை வருடத்துக்குப் பரப்பினால் அது வலிக்காது, அவ்வளவுதான் செய்ய முடிகிற காரியம்.

சரி, மாதம் 10,750-ஐ எங்கே வைப்பது? சம்பளம் வரும் கணக்கில் வைத்தால் பத்தாம் தேதிக்குள் கரைந்துவிடும். ஏடிஎம் கார்டும் ஜிபேயும் இணைக்காத இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். சம்பளம் வந்த அன்றே அதற்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி ஐந்து வருடத்துக்கானது, வரும் ஜூனுக்கு உதவாது. பேங்க் ஆர்டியை ஒரு வருடத்துக்குப் போடலாம். நகைக்கடைச் சீட்டில் முடிவில் கிடைப்பது நகை, பள்ளிக்கூடம் நகையை வாங்காது. ஏலச்சீட்டு என்றால் 1982-ஆம் வருடச் சிட்பண்ட் சட்டப்படி பதிவு செய்த நிறுவனமா என்று பார்த்துச் சேருங்கள். தெருவில் தெரிந்தவர் நடத்தும் தீபாவளிச் சீட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்கள் எப்படியும் சேர்வீர்கள், நானும் சேர்ந்திருக்கிறேன். அதில் பள்ளிக் கட்டணத்துக்கான பணத்தை மட்டும் போடாதீர்கள்.

கைச்செலவும் சிறுவாடும்

நோட்டு வந்த இரண்டாவது வாரம் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு:

"ஏங்க, செவ்வாய்க்கிழமை ஐநூறு எடுத்தீங்களே, எழுதவே இல்லையே?"

"பெட்ரோல் போட்டேன்."

"பெட்ரோல் முந்நூறுன்னு எழுதியிருக்கு. மிச்சம்?"

அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த ஒரு வாரத்துக்கு அவர் கையெழுத்து அதில் இல்லை. தப்பு என்னுடையது. நோட்டு போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிட்டால் எல்லோரும் அதன் பக்கம் போவதை நிறுத்திவிடுவார்கள். மொய் நோட்டில் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை என்று மேலே எழுதினேன் அல்லவா, அதை நானே மறந்த நேரம் அது.

அதன் பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு தொகை கைச்செலவு. அதைக் கொடுத்த அன்று ஒரே வரியாக எழுதிவிடுவோம். அதற்குப் பிறகு டீயா, வெற்றிலையா, நண்பனுக்குக் கைமாற்றா என்று யாரும் கேட்கக்கூடாது. அவர் டீ, வடை அன்றிலிருந்து நோட்டில் வருவதில்லை. கணக்கு துல்லியம் கொஞ்சம் குறைந்தது, நோட்டு உயிரோடு இருந்தது.

என் அம்மாவுக்கு அரிசிப் பானைக்குள் சிறுவாட்டுப் பணம் இருக்கும். அப்பாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். என் தம்பியின் பரீட்சைக் கட்டணம் ஒருமுறை அந்தப் பானையிலிருந்துதான் வந்தது. வீட்டில் யாருக்காவது அப்படி ஒன்று இருந்தால் அதை நோட்டில் ஏற்றச் சொல்லாதீர்கள். எழுதிவிட்டால் அது சிறுவாடு இல்லை. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 வாங்குகிற பெண்களில் என் தோழி ஒருத்தியும் உண்டு. அவள் வீட்டுப் பட்ஜெட்டில் அதை வரவாகச் சேர்க்கவே இல்லை. அவள் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன்.

கடைசி ஞாயிறு

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐந்தொகை. மாதத் தொடக்கத்தில் கையிலும் பேங்கிலும் இருந்தது, அதோடு வந்த வருமானம், அதிலிருந்து எழுதிய செலவையும் தனிப்பக்கத்துச் சேமிப்பையும் கழியுங்கள். கார்டிலும் கடை நோட்டிலும் இன்னும் கொடுக்காமல் இருக்கும் பாக்கியைக் கூட்டிக்கொள்ளுங்கள், போன மாதப் பாக்கியை இந்த மாதம் கொடுத்திருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். வருகிற தொகையும், இப்போது பர்ஸிலும் பேங்கிலும் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்காது. முதல் மாதம் எங்களுக்கு 1,860 ரூபாய் இடித்தது. "மறந்தது – 1,860" என்று ஒரு வரி எழுதிவிட்டு நோட்டை மூடினோம். மூன்றாவது மாதம் அது 240 ஆகிவிட்டது. தேடிக்கொண்டு உட்காராதீர்கள்.

மூன்று மாதம் எழுதியபின் ஒவ்வொரு தலைப்பிலும் மூன்று தொகை இருக்கும். மூன்றில் நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி பார்த்தால் ஒரே ஒரு கல்யாண மாதம் மொத்தத்தையும் இழுத்துவிடும். மளிகை 5,200, 6,900, 5,500 என்றால் 5,500. இப்படிப் பன்னிரண்டு தலைப்புக்கும் எடுத்த தொகை, அதோடு தவணை, கைச்செலவு, வருடப் பக்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பள்ளிக் கட்டணம், மொய், தீபாவளித் துணி போல வருடப் பக்கத்தில் ஏறியதைத் தலைப்பில் மறுபடி எண்ணாதீர்கள். இதுதான் உங்கள் பட்ஜெட். இதை யாரும் புத்தகத்திலிருந்து எடுத்துத் தர முடியாது. வருமானத்தில் பாதி தேவைக்கு, இவ்வளவு ஆசைக்கு என்று சதவீதம் சொல்லும் சூத்திரங்களை நான் இந்த நூலில் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். வாடகையே வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்னும் வீட்டுக்கு அந்தச் சூத்திரம் குற்ற உணர்ச்சியைத் தவிர வேறெதையும் தராது.

வருடப் பக்கத்தில் ஒவ்வொரு மாதக் கட்டத்திலும் இரண்டு வரி காலியாக விடுங்கள். எதை மறந்தோம் என்பது அந்த மாதம் வரும்போதுதான் தெரியும். எங்கள் பக்கத்தில் அக்டோபர் கட்டத்தில் என் கையெழுத்தில் தீபாவளியும் வேன் கட்டணமும் இருக்கின்றன. அதற்குக் கீழே, நான் விட்ட இடத்தில், வேறு மையில், அத்தையின் நடுங்கும் எழுத்தில் ஒரு வரி: "மழைக்கு முன்னாடி மாடித் தொட்டி கழுவ ஆள் – 600."